கழுத்தில் வெள்ளி, மேலே பொன், நடுவே கல்

தீபாவளி, பொங்கல், அம்மன் திருவிழா என்று எந்த விசேஷத்துக்குத் தோட்டத்துக் கோயிலுக்குப் போனாலும் நம் பெண்களின் கழுத்தில் ஒரு புதுவகை மாலையை இப்போது காண்கிறேன். மெல்லிய மஞ்சள் சங்கிலி. அதன் நடுவே நகத்தளவில் ஒரு கல். சிவப்பாகவோ, தேன் நிறத்திலோ, ஊதாவாகவோ இருக்கும். சிலவேளை நீலமாகவும் இருக்கும். தூரத்தில் பார்த்தால் பவுண் நகைதான். கிட்டப் போய்க் கேட்டால், "வெள்ளிதாங்க, மேலதான் தங்க முலாம். ஆனா கல்லு ஒரிஜினல்" என்று சற்றுத் தாழ்ந்த குரலில் பதில் வரும்.

கொழும்பில் துணிக்கடைகளிலும் அவிசாவளைப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகள்தான் பெரும்பாலும் இந்த மாலைகளைக் கொண்டு வருகிறார்கள். முன்பெல்லாம் 'கவரிங்' என்று ஒன்று இருந்தது. இப்போதும் இருக்கிறது. பித்தளை அல்லது செம்பின் மேல் பொன் பூச்சு. திருவிழா முடிவதற்குள் கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு விழும். சிலருக்குத் தோல் சொறியும். அதைவிட இது எவ்வளவோ மேலானது. உள்ளே வெள்ளி இருக்கிறது. நடுவிலே மண்ணில் விளைந்த கல் இருக்கிறது. அப்படியானால் இது எந்தக் கணக்கில் சேரும்? நகையா, சேமிப்பா, வெறும் அலங்காரமா? இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியாமல் நம் சகோதரிகள் சிலர் காசையும் இழந்து மனதையும் நோகடித்துக்கொள்வதைப் பார்த்ததாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் இந்த மாலை இப்படிப் பரவுகிறது என்பதைப் பார்ப்போம். காரணம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பவுண் விலைதான். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது ஒரு பவுண் ஏறக்குறைய ஒரு இலட்சம் ரூபாய். அதாவது நூறு நாள் உழைப்பு. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. ஆனால் 2025 ஒக்டோபரில் 22 கரட் தங்கம் பவுணுக்கு மூன்று இலட்சத்தையும் தாண்டிவிட்டது. மூன்று இலட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் 222 நாள் சம்பளம். மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும், ஒன்பது மாதம் அரிசி மாவு எதுவும் வாங்காமல் இருந்தால்தான் எட்டுக் கிராம் தங்கம். 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் சம்பளம் மீண்டும் கூட்டப்பட்டது என்றாலும், சம்பளம் ஏறிய வேகத்துக்கும் பவுண் ஏறிய வேகத்துக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். இந்த நிலையில் ஒரு பிள்ளை தன் தாய்க்கு வெள்ளி மாலை வாங்கி வருவதைக் குறை சொல்ல என்னால் முடியாது.

ஆனால் தோட்டத்துப் பெண்களுக்கு நகை என்பது என்றைக்குமே அழகுக்கு மட்டும் இருந்ததில்லை. லயத்துக் காம்பிராவுக்கு உறுதி கிடையாது, காணி கிடையாது, வங்கியில் பெரிய தொகை கிடையாது. பெண்ணின் பெயரில் இருந்த ஒரே சொத்து அவள் காதிலும் கழுத்திலும் கிடந்ததுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், மரண வீடு என்றாலும், பள்ளிக்கூடச் செலவு என்றாலும் முதலில் கழன்றது தோடு, அடுத்தது சங்கிலி. இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் 1981 ஆகஸ்டில் வன்செயல் நடந்தபோது லயங்களை விட்டு ஓடியவர்கள் கையோடு எடுத்துப்போக முடிந்தவற்றுள் ஒன்று உடம்பிலிருந்த நகை. அதையும் பறிகொடுத்தவர்கள் உண்டு. 'கழுத்தில் கிடக்கிறது' என்றால் 'கஷ்டத்துக்கு இருக்கிறது' என்று நம் மூளை தானாகவே மொழிபெயர்த்துக்கொள்கிறது. தோற்றத்தில் பவுண்போல இருக்கிற எதைப் பார்த்தாலும் அதே எண்ணம் வந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அடகுக் கவுண்டரில் நடந்தது

பெல்மதுளைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் பால் வெட்டும் தாய் ஒருவர். மூத்த மகள் கொழும்பில் கடை வேலை. மகள் தீபாவளிக்குக் கொண்டுவந்து போட்ட மாலையில் தேன் நிறக் கல் ஒன்று, நல்ல சுடருடன். அடுத்த ஆண்டு மகனுக்குக் கல்வியியல் கல்லூரிக்குப் போக இடம் கிடைத்தது. பெட்டி, உடுப்பு, கட்டில் விரிப்பு, பயணச் செலவு என்று ஒரு தொகை வேண்டியிருந்தது. அந்தத் தாய் தன் ஒரு சோடித் தோட்டையும் இந்த மாலையையும் எடுத்துக்கொண்டு டவுனில் உள்ள வங்கி ஒன்றுக்கு அடகு வைக்கப் போனார். நானும் வேறு வேலையாக அன்று அங்கே இருந்தேன்.

தோட்டை உரைகல்லில் உரைத்துப் பார்த்து, நிறுத்து, ஒரு தொகை சொன்னார்கள். மாலையை எடுத்த உத்தியோகத்தர் கொக்கிப் பக்கத்தில் அரத்தால் மெல்ல ஒரு தேய்ப்புத் தேய்த்தார். உள்ளிருந்து வெள்ளை தெரிந்தது. "அம்மா, இது தங்கம் இல்ல. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்த அந்தத் தாய் என்னிடம் சொன்னது இதுதான்: "வெள்ளின்னு எனக்குத் தெரியுங்க மிஸ். புள்ள மறைக்கல. ஆனா கல்லு நெசமான கல்லுன்னு சொல்லிச்சே, கல்லுக்காவது ஏதாச்சும் குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

அவர் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. இரத்தினபுரியில் பிறந்து வளர்ந்தவருக்குக் கல் என்றால் காசு. மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் தெமுவாவத்தையிலும் காலை நேரத்தில் கடதாசிப் பொட்டலத்துக்குள் கல்லை வைத்துக்கொண்டு வியாபாரிகள் கூடி நின்று விலை பேசுவதைப் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. ஆனால் அடகுக் கவுண்டருக்கு அந்தக் கண் கிடையாது. அங்கே எடை போடுவது தங்கத்தை மட்டும். தங்கத்துக்கு உலகம் முழுவதும் கிராமுக்கு இன்ன விலை என்று அன்றன்றைக்கு ஒரு கணக்கு உண்டு. எந்தத் தங்கமும் உருக்கினால் தங்கமே. கல்லுக்கு அப்படி இல்லை. ஒரே நிறையுள்ள இரண்டு நீலக்கற்களில் ஒன்று ஐயாயிரத்துக்கும் மற்றது ஐந்து இலட்சத்துக்கும் போகலாம். நிறம், தெளிவு, வெட்டு, சூடு காட்டியதா இல்லையா என்று நூறு விஷயம் இருக்கிறது. ஆகவே உண்மையான பவுண் நகையில் கல் பதித்திருந்தாலும்கூட, அடகு வைக்கும்போது கல்லின் நிறையைக் கழித்துவிட்டே தங்கத்தைக் கணக்கிடுவார்கள். நல்ல கல் பதித்த பவுண் நகையை அடகில் மூழ்கவிடுகிறவர்கள் அந்தக் கல்லை இலவசமாகவே கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

மாலை கைக்குத் திரும்பி வந்தது. ஆனால் கொக்கியருகே அரம் பட்ட இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு. மகள் வந்து பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

மூன்று பொருள், மூன்று கணக்கு

இந்த மாலையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வெள்ளி என்று கடைகளில் விற்பது தனி வெள்ளி கிடையாது. சுத்த வெள்ளி மிக மென்மையானது. சங்கிலி செய்தால் வளைந்து இழுபட்டுவிடும். அதனால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளியும் மிச்சம் 75 பங்கு பெரும்பாலும் செம்பும் சேர்த்துச் செய்கிறார்கள். கொக்கிக்கு அருகே '925' என்று பொடி எழுத்தில் அடித்திருப்பது இதைத்தான் குறிக்கிறது. அந்த எண்ணை எவரும் அடிக்கலாம் என்பதால் எண் மட்டும் போதாது. விற்றவரின் பில்லிலும் அது இருக்க வேண்டும். வெள்ளிக்கும் கிராம் கணக்கில் விலை உண்டு. தங்கத்தோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான் என்றாலும், உருக்கி விற்றால் கையில் ஏதாவது கிடைக்கும். கவரிங்கில் அதுவும் இல்லை.

இரண்டாவது முலாம். இதைப் பற்றித்தான் நம் பெண்களிடம் மிகப் பெரிய மயக்கம் இருக்கிறது. "24 கரட் தங்க முலாம்" என்று கடைக்காரர் சொன்னதும் கை தானாகப் பைக்குள் போகிறது. பூசிய தங்கம் 24 கரட்டாகவே இருக்கட்டும். எவ்வளவு பூசியிருக்கிறார்கள் என்பதல்லவா கேள்வி? முலாத்தின் கனத்தை மைக்ரோன் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். அமெரிக்காவில் வெள்ளியின் மேல் பொன் பூசிய நகைக்கு அதற்குரிய பெயரைச் சொல்லி விற்பதென்றால் இரண்டரை மைக்ரோன் கனம் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல கனமான பூச்சு என்று சொல்லப்படும் அந்த இரண்டரை மைக்ரோன், நம் தலைமயிர் ஒன்றின் கனத்தில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஒரு சாதாரண மாலையின் மேற்பரப்பு முழுவதையும் சேர்த்து முப்பது சதுர சென்ரிமீற்றர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தனை தங்கமும் சேர்ந்து ஒரு கிராமில் ஏழில் ஒரு பங்குதான் வருகிறது. பவுணில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. மலிவான மாலைகளில் பூச்சு இதிலும் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதைச் சுரண்டி எடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. முலாம் நிறத்துக்காக மட்டுமே. அந்த நிறத்துக்கு ஒரு விலை கொடுக்கலாம், பவுண் விலை கொடுக்கக் கூடாது.

மூன்றாவது கல். அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 'கரட்' என்ற ஒரே சொல்லைத் தங்கத்துக்கும் கல்லுக்கும் பயன்படுத்துகிறோம். தங்கத்தில் அது சுத்தத்தின் அளவு. 24இல் எத்தனை பங்கு தங்கம் என்பது. கல்லில் அது நிறை. ஐந்து கரட் சேர்ந்தால் ஒரு கிராம். 'மூன்று கரட் கல்' என்றால் ஏதோ பெரிய விஷயம்போலக் கேட்கும். ஆனால் அது ஒரு கிராமில் பாதியைவிடச் சற்றே கூடியது. எந்த இனக் கல் என்று தெரியாமல் கரட் கணக்கு மட்டும் கேட்டு மயங்குவதில் பொருளில்லை.

அதே போல 'மாணிக்கம்' என்ற சொல்லும். நூலறிவுள்ளவர்கள் மாணிக்கம் என்றால் சிவப்புக் கெம்பைச் சொல்வார்கள். நம் ஊர்ப் பேச்சிலோ குழியிலிருந்து வரும் எந்தக் கல்லும் மாணிக்கக்கல். 'மாணிக்கக்கல் பதித்த மாலை' என்று விற்கும்போது அது கெம்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கார்னட்டாக இருக்கலாம், செவ்வந்திக்கல்லாக இருக்கலாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்டதுதான் வேறு.

நம் காலடியிலிருந்து போன மாலை

இரத்தினபுரி மாவட்டத்தில் கல் எடுக்கும் முறை நம் வாசகியர் பலருக்கும் பழக்கமானதுதான். வயலிலோ ஆற்றோரத்திலோ குழி வெட்டி, மரக்கட்டையும் கெக்கில்லச் செடியும் வைத்துச் சுவரைத் தாங்கி, கீழே 'இல்லம்' என்ற சரளைப் படை வரும்வரை இறங்குவார்கள். அந்தச் சரளையைக் கூடையில் இட்டு, நாம் அரிசி அரிப்பதுபோலத் தண்ணீரில் சுழற்றி அரிக்க, பாரமான கற்கள் அடியில் தங்கும். இந்தத் தொழிலில் பெரும்பாலும் நாட்கூலி இல்லை, பங்குதான். காணிக்காரர், அனுமதிப் பத்திரக்காரர், பம்பு கொடுத்தவர், சாப்பாட்டுச் செலவு போட்டவர், குழியில் இறங்கியவர் என்று பங்கு பிரியும். பெண்கள் குழியருகே வந்தால் தீட்டு, கல் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை இந்தப் பகுதியில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. அரிப்பதென்றால் பெண்ணின் கை; ஆனால் இல்லத்தை அரிக்க மட்டும் அந்தக் கை ஆகாது! பட்டை தீட்டும் வேலைக்குப் பெண்கள் பிறகுதான் வந்தார்கள். இன்று பட்டறைகளில் சக்கரத்தின் முன் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களைப் பார்க்கலாம். இரத்தினக்கல் மற்றும் ஆபரண ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் கல் வெட்டவும் நகை செய்யவும் பயிற்சிகள் நடத்துகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் இதைக் கவனித்தால் நல்லது.

பெல்மதுளையில் 1926இல் ஒரு வயற்குழியிலிருந்து நீலக்கல் ஒன்று கிடைத்தது. வெட்டித் தீட்டிய பின் அதன் நிறை 392.52 கரட். நம் கணக்கில் 78 கிராமுக்கு மேல். கிட்டத்தட்டப் பத்துப் பவுண் நிறை. கொழும்பிலிருந்த மாக்கான் மாக்கார் என்ற புகழ்பெற்ற இரத்தினக்கல் வியாபாரிகளின் கையிலிருந்து 1937இல் அது இங்கிலாந்தின் மோரிஸ் கார்க் கம்பனியின் அதிபர் நஃபீல்ட் பிரபுவிடம் போனது. 'ஆசியாவின் நீல அழகி' என்று பொருள்படும் பெயர் அதற்கு. பின்னாளில் வைரங்கள் சேர்த்த மாலையொன்றின் பதக்கமாக அது தொங்கியது. 2014 நவம்பரில் ஜெனீவா நகரில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலத்தில் அந்த மாலை 1 கோடியே 70 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் விற்கப்பட்டது. அதன் விலைக்குக் காரணம் பருமன் மட்டுமில்லை. அந்த நிறம் நெருப்பில் ஏற்றிய நிறமன்று, மண்ணிலிருந்து வந்தபடியே இருந்தது என்று ஆய்வுக்கூடங்கள் எழுதிக் கொடுத்த சான்றிதழும் ஒரு காரணம்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மாலையும் நம் பிள்ளை வாங்கி வரும் மாலையும் ஒரே மண்ணின் கல்லைத் தாங்கியிருக்கலாம். கோடி டொலர் மாலையை வாங்கியவரும் காகிதத்தைப் பார்த்துத்தான் வாங்கினார். நம் பிள்ளை எந்தக் காகிதமும் இல்லாமல் வாங்கி வருகிறது.

அதே வேளையில் பெரிய கல் என்றாலே பெரிய விலை என்றும் எண்ண வேண்டாம். 2021இல் இரத்தினபுரியில் ஒரு வீட்டு வளவில் கிணறு வெட்டும்போது 510 கிலோ எடையுள்ள நட்சத்திர நீலக் கற்கொத்து கிடைத்தது என்று உலகமெங்கும் செய்தி வந்தது ஞாபகம் இருக்கும். அடுத்த சில வாரங்களுக்கு எங்கள் பக்கத்தில் யார் மண்வெட்டியைத் தொட்டாலும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்! கிலோக் கணக்கில் வரும் கல்லிலே நகைக்கு உதவும் பகுதி எவ்வளவு என்பது வேறு கணக்கு.

'ஒரிஜினல்' என்ற சொல்

கடைகளில் 'ஒரிஜினல் கல்' என்று சொன்னால் என்ன பொருள்? உண்மையில் ஒரு பொருளும் இல்லை. நீலத்தையும் கெம்பையும் தொழிற்சாலையில் செய்யும் வழியைப் பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் வேர்னய் 1902இல் உலகுக்கு அறிவித்தார். தூளை நெருப்பில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்ப்பது அந்த முறை. அப்படிச் செய்த நீலமும் பொருளால் நீலமே. கடினத்திலும் பளபளப்பிலும் வித்தியாசம் இல்லை. ஆனால் விலை மிகக் குறைவு. அதையும் 'ஒரிஜினல் நீலம்' என்று ஒருவர் சொல்லலாம். ஆகவே கேட்க வேண்டிய சொல் 'இயற்கைக் கல்லா?' என்பது. அடுத்த கேள்வி 'என்ன இனம்?' மூன்றாவது, 'சூடு காட்டியதா?'

சூடு காட்டுவது பற்றி ஒரு வார்த்தை. நம் பகுதியில் 'கெவுட' என்று சொல்லும் பால்போல மங்கிய கற்கள் முன்பு மதிப்பில்லாமல் கிடந்தன. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கிப் போய் மிக உயர்ந்த வெப்பத்தில் சூடாக்கி அழகிய நீலமாக்கி விற்றார்கள். பிறகு நம் நாட்டவரும் கற்றுக்கொண்டார்கள். சூடாக்கிய கல்லும் இயற்கைக் கல்தான். மறைக்காமல் சொல்லி விற்றால் அதில் தவறில்லை. சூடாக்காத கல்லின் விலையைச் சூடாக்கிய கல்லுக்குக் கேட்பதுதான் தவறு.

வீட்டில் வைத்து நாம் சோதிக்கக்கூடியது கண்ணாடியா இல்லையா என்ற அளவுக்கு மட்டும். உதட்டில் வைத்தால் கண்ணாடி சீக்கிரம் இளஞ்சூடாகும். கல் குளிர்ச்சியாக இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால் கண்ணாடிக்குள் வட்ட வட்டக் குமிழிகள் தெரியலாம். தொழிற்சாலை நீலத்தை இந்த வித்தைகளால் பிரிக்க முடியாது. அது ஆய்வுக்கூட வேலை. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை கற்களைச் சோதித்துச் சொல்கிறது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான இந்த அதிகாரசபைக்கு இரத்தினபுரியிலும் அலுவலகம் உண்டு. போவதற்கு முன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மலிவான கல்லுக்குச் சோதனைக் கட்டணம் கல்லின் விலையைவிடக் கூடிவிட்டால் என்ன பயன்?

கண்ணால் பார்த்து உள்ளிருப்பதைச் சொல்ல முடியாது என்பது நமக்குப் புதிய செய்தியில்லை. கண்ணகியின் வழக்கே சிலம்புக்குள் இருந்தது முத்தா மாணிக்கமா என்பதில்தான் தீர்ந்தது. சிங்களச் சகோதரிகள் பத்தினித் தெய்வமாக வணங்குகிற அதே கண்ணகிதான். அங்கே சிலம்பை உடைக்க வேண்டியிருந்தது. நமக்கு ஒரு நல்ல பில் போதும்.

அந்தத் தாயின் மாலைக் கல்லையும் சோதிக்கக் கொடுத்தார்கள். இயற்கைக் கல்தான், கோமேதகம். நம் மண்ணில் தாராளமாகக் கிடைக்கும் கார்னட் வகை. மகளை யாரும் ஏமாற்றியிருக்கவில்லை. ஆனால் மகனின் பயணச் செலவில் ஒரு பகுதிக்குக்கூட அது உதவியிருக்காது. மகளிடம் இருந்த பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'நெக்லஸ் - 1' என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் விலை.

பில்லில் என்ன எழுதச் சொல்ல வேண்டும்? வெள்ளியின் சுத்தம், கல் நீங்கலாக எத்தனை கிராம், முலாம் எத்தனை மைக்ரோன், கல்லின் இனம், இயற்கையானதா, எத்தனை கரட், சூடாக்கப்பட்டதா. எழுதித் தருகிற கடை வேண்டும். வாயால் சத்தியம் பண்ணிவிட்டு எழுத மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. முறைப்பாடு செய்ய 1977 என்ற எண்ணை அழைக்கலாம். "ஒரு சின்ன மாலைக்கு இவ்வளவு கேட்டா சிரிப்பாங்களே" என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். சிரிக்கட்டும்.

கல்யாண விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே சொல்வேன். பெண்ணுக்குப் போடும் நகையில் இந்த மாலையைச் சேர்ப்பதானால் அது வெள்ளி என்று இரு வீட்டாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சபையில் பவுண் கணக்கோடு சேர்த்துக் காட்டிவிட்டு, ஆறு மாதத்தில் முலாம் தேய்ந்ததும் வருகிற பேச்சு முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. கடன் வாங்கிப் பவுண் போடுவதைவிட, மறைக்காமல் வெள்ளி போட்டு அனுப்பிய தாய்மார் இரண்டொருவரை இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியும். அந்தப் பெண்கள் நன்றாகத்தான் வாழ்கிறார்கள்.

சேமிப்புக்கு வேறு வழியைப் பாருங்கள். மாதம் ஒரு சிறு தொகை உங்கள் பெயரிலேயே வங்கிப் புத்தகத்தில் போடுவது, நம்பிக்கையானவர்களோடு சீட்டுப் போடுவது, முடிந்தால் அரைப் பவுண் கால் பவுண் என்று கல் இல்லாத தங்கமாக வாங்கி வைப்பது. வெள்ளி மாலையை அந்தக் கணக்கில் எழுதாதீர்கள். அதை வாங்குவது உடுத்திக்கொள்ள. நல்ல புடவை வாங்குவதுபோல.

உடுத்திக்கொள்வதானால் அதைப் பேணவும் தெரிய வேண்டும். முலாத்துக்கு முதல் எதிரி வியர்வை. கொழுந்து மலைக்கும் பால் காட்டுக்கும் அணிந்து போகாதீர்கள். பவுடர், சென்ட் எல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசியாக மாலையை அணியுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றித் துடைத்து, காற்றுப் புகாத சிறு பொலித்தீன் பையில் வையுங்கள். பற்பசை, சாம்பல், எலுமிச்சை எதுவும் வேண்டாம். வெறும் வெள்ளிக் கொலுசைத் தேய்ப்பதுபோல இதைத் தேய்த்தால் பொன் நிறம் போய்விடும். கல்லிலும் வேறுபாடு உண்டு. நீலம் எதற்கும் அஞ்சாது. சந்திரகாந்தக்கல் மென்மையானது, தூசியில் இருக்கும் மணற்பொடியே அதைக் கீறிவிடும். அதனால் துடைப்பதற்கு முன் தூசியை ஊதிவிட வேண்டும். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். சேலை நூல் சிக்கினால் கொக்கி எழும்பியிருக்கிறது என்று பொருள். கல் விழுவதற்கு முன் பத்தரிடம் கொடுத்து அழுத்தி வாங்குங்கள்.

முலாம் என்றோ ஒரு நாள் தேயத்தான் செய்யும். முதலில் கொக்கி, பிறகு கழுத்துப் பின்புறம். அப்போது எறிந்துவிட வேண்டாம். மீண்டும் முலாம் பூசித் தருகிற பத்தர்கள் இருக்கிறார்கள். அல்லது வெள்ளியாகவே அணியலாம். தேன் நிறக் கல்லுக்கு வெள்ளை அழகாகவே இருக்கும். பெல்மதுளைத் தாய் அப்படித்தான் செய்தார். கொக்கியில் தழும்பு விழுந்த மாலையை மகளே பத்தரிடம் கொண்டுபோய், முலாம் முழுவதையும் நீக்கி, வெள்ளிச் சங்கிலியாகத் திருப்பிக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை பத்தரிடமிருந்து ஒரு துண்டுக் கடதாசியும் வாங்கி வந்தாள். வெள்ளி 925, 11 கிராம், கோமேதகம் ஒன்று என்று அதில் எழுதியிருந்தது.